முதலில் வாய் திறப்பவர்

இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் நீலத் தார்ப்பாய் இருந்தது. உள்ளே ஒரு கம்பிக் கூண்டை நிறுத்தி, அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கட்டியவன் கைகாரன். எங்கே உப்ப வேண்டுமோ அங்கே உப்பி, எங்கே ஒடுங்க வேண்டுமோ அங்கே ஒடுங்கி, உள்ளே சாட்சாத் ஓர் இன்ஜின் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நீளக் கொட்டகையில் ராக்கெட் படுக்கை வசத்தில் கிடக்க, வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் காலில் துணி உறை மாட்டிக்கொண்டு அதன் ஓரமாக மெதுவாக நடந்து வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய மனிதரைப் பார்க்க வந்தவர்கள் போல எல்லோர் முகத்திலும் ஒரு பணிவு. அவர்களுடைய தலைவர் மட்டும் கொடுத்த தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் கம்பெனியின் சிவப்புத் தொப்பியைக் கழற்றாமல் வந்தார். தார்ப்பாய் அருகே நின்றார்.

"இதை மட்டும் ஏன் மூடி வெச்சிருக்கீங்க?"

"தூசி சார்" என்றார் ராக்கெட் கம்பெனியின் இயக்குநர். "எங்களுக்கு இது பச்சைக் குழந்தை மாதிரி. ஒரு துரும்பு பட்டா மனசு தாங்காது."

விருந்தாளிகள் சிரித்தார்கள். இயக்குநர் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பக்கம் திரும்பினார். "இவங்கதான் எங்க அட்டவணைப் பிரிவு. ஆபீஸ்ல தேதி மேடம்னுதான் சொல்லுவோம். நீங்களே கேளுங்க சார், தேதி எப்படி இருக்குன்னு."

சிவப்புத் தொப்பி அவளைப் பார்த்தது. "தேதியில மாத்தம் இல்லை சார்" என்றாள்.

பொய் இல்லை. தாளில் தேதி மாறவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் யாரோ கடித்து வைத்ததைத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டது போலிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பேர் நடுவில் துப்பவும் முடியவில்லை. கொட்டகையின் கோடியில் இருந்த குழாயில் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது எல்லோரும் தார்ப்பாயை ஒட்டி நின்று சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இன்ஜினைக் கழற்றிப் பக்கத்துக் கொட்டகையில் இருந்த வேறொரு ராக்கெட்டுக்கு மாட்டியாகிவிட்டது. அது, வானம் முழுக்கச் செயற்கைக்கோள்களை வாரித் தூவப் போகிற ஒரு பெரிய கம்பெனிக்கான ராக்கெட். ஆபீஸில் அந்தக் கம்பெனிக்குப் பெயர் 'பெரிய வீடு'. மழை மேகத்தைப் படம் பிடிக்க ஒற்றைச் செயற்கைக்கோளோடு வந்திருக்கும் இவர்கள் 'சின்ன வீடு'. இந்த ஜோக்கைக் கண்டுபிடித்தவர் இயக்குநர். கண்டுபிடித்த அன்று மேஜையைத் தட்டித் தானே சிரித்துவிட்டு, அறையில் இருந்த ஒரே பெண்ணான அவள் சிரிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவளும் பல்லைக் காட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் பல் கூசும். கடற்கரையின் இன்னொரு கோடியில் ராக்கெட் கம்பெனி நடத்தும் போட்டிக்காரனுக்குப் பெயர் 'எதிர்க்கடை'. எதிர்க்கடைக்காரன் பெரிய வீட்டின் காதில், 'எங்ககிட்ட உடனே இடம் இருக்கு' என்று ஓதினான். அவனிடமும் ராக்கெட் தயாராக இல்லை என்பது கரையில் மேயும் காக்கைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் இயக்குநர் பதறிவிட்டார். சின்ன வீட்டின் இன்ஜினைப் பெரிய வீட்டுக்கு மாற்று என்றார். ஒரே ராத்திரியில் மாறியது. சின்ன வீட்டுக்குப் புது இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வர மாதக் கணக்காகும்.

சரி, அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். இந்தத் தொழிலில் அது மட்டும் நடக்காது. இத்தனை வருஷத்தில் சொன்ன தேதியில் கிளம்பிய ராக்கெட்டை அவள் பார்த்ததில்லை. சொன்ன தேதியில் தயாரான செயற்கைக்கோளையும் பார்த்ததில்லை. இரண்டு தரப்பும் எப்போதும் பிந்தித்தான் ஓடும். இரண்டு தரப்புக்கும் அது தெரியும். ஆனால் 'எங்களுக்கு இன்னும் நாளாகும்' என்று எவன் முதலில் சொல்கிறானோ, அபராதம், அவப்பெயர், காத்திருந்த செலவு எல்லாம் அவன் தலையில் விடியும். மற்றவன், 'அடடா, நாங்க தயாரா இருந்தோமே' என்று உச்சுக்கொட்டிவிட்டு, கிடைத்த அவகாசத்தில் தன் ஓட்டையை அடைத்துக்கொள்வான். பிடிக்காத சம்பந்தத்தில் இரண்டு வீட்டாரும், வேண்டாம் என்ற வார்த்தை எதிர்ப் பக்கத்திலிருந்து வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஆபீஸில் இதற்கு 'வாய் திறக்கிறது' என்று பெயர். யார் வாய் திறப்பார்கள் என்பதுதான் தினசரிப் பேச்சு. அவளுடைய வேலை, தன் பக்கத்து வாயை அழகாகத் தைத்து வைப்பது.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேச்சில் நெய் வழியும் என்பதால் கீழே இருப்பவர்கள் அவருக்கு 'வெண்ணெய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அறையின் ஏசியில் ஈரத் துணி வாடை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, அது அறுந்து விழுவதற்குள் வாயை நீட்டிக் கவ்வினார். விரலைச் சப்பினார். அதே விரலால் உட்காரச் சொன்னார்.

"உங்க தம்பி உங்க வீட்லதானே தங்கியிருக்கார்?"

அவளுடைய தம்பி சின்ன வீட்டின் ஆள். செயற்கைக்கோளுக்குள் எரிபொருள் ஏற்றும் குழுவில் மூத்தவன். ஏவுகிற வேலை முடியும் வரை கம்பெனி ஓட்டலில் இடம் கொடுத்திருந்தது. அக்கா வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு கம்பெனியிலும் இதை எழுதிக் கொடுத்து, ஆபீஸ் விஷயம் வீட்டில் பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"ஆமாம் சார்."

"சாப்பிடும்போது ஏதாவது பேசுவார்ல?"

"ஆபீஸ் விஷயம் பேச மாட்டோம் சார்."

"சேச்சே, நான் உளவு பாக்கச் சொல்வேனா? சாதாரணமா, அக்கா தம்பி பேசிக்கிற மாதிரி. எரிபொருள் ஏத்தறோம்னு நோட்டீஸ் குடுத்திருக்கானுங்க. நிஜமாவே ஏத்துவானுங்களா, இல்ல நம்ம மாதிரி..." கையைத் தார்ப்பாய் போலக் குவித்துக் காட்டினார்.

"அவன் என் தம்பி சார்."

"அதனாலதாம்மா உங்ககிட்ட கேக்கறேன்" என்றார் அவர் மிகப் பிரியமாக.

மேடம் அம்மாவாகிவிட்டதை அவள் கவனித்தாள். எழுந்து வெளியே வந்தபோது, அவர் தொட்ட மேஜை விளிம்பைத் தானும் தொட்டுவிட்டது நினைவுக்கு வந்து கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த இடமும் பிசுபிசுத்தது. அவளுக்கு வேலை முக்கியம். கணவன் கப்பலில் இருக்கிறான். வருஷத்தில் பாதி நாள் கடல். வீட்டுக்கடன் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் மண்டையைக் குடைந்தது வேலை அல்ல, அந்த நோட்டீஸ்.

எரிபொருள் ஏற்றுவது என்பது பைக்குக்குப் பெட்ரோல் போடுகிற சமாசாரம் இல்லை. செயற்கைக்கோள் வானத்தில் திரும்பி, நகர்ந்து, நின்று வேலை செய்ய அதன் வயிற்றுக்குள் ஊற்றும் திரவம், சுத்தமான விஷம். தோலில் பட்டாலும் கேடு, மூச்சில் போனாலும் கேடு. காற்று ஏறாத வெள்ளை உடைக்குள் புகுந்து, முதுகில் குழாய் மாட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவார்கள். அழுகின மீன் மாதிரி ஒரு நாற்றம் என்று தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். 'நாத்தம் அடிக்குதேன்னு நினைக்கறப்பவே அது உள்ள போயாச்சுன்னு அர்த்தம்க்கா' என்று சிரித்தான். ஏற்றிவிட்டால் சீக்கிரம் பறந்தாக வேண்டும். பறக்காவிட்டால் அதே ஆட்கள் அதே உடையில் போய் அத்தனையையும் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். அது ஏற்றுவதைவிட மோசம். இன்ஜின் இல்லாத ராக்கெட்டுக்காக அவன் அந்த அறைக்குள் போகப் போகிறான். நேரம் குறித்து அட்டவணையில் ஏற்றியவள் அவள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி சோபாவை முழுசாக ஆக்கிரமித்துப் படுத்திருந்தான். அவன் காலுறைகள் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன.

"இந்த நாத்தத்துக்கு உங்க விஷமே தேவலைடா."

"அக்கா, தாய் மாதிரி மடியில வெச்சு வளர்த்த தம்பி. ரெண்டு காலுறை தாங்க மாட்டியா?"

"எப்பதான் கல்யாணம் பண்ணிட்டு ஒழியப் போற?"

"நீ மட்டும் தேதி வெக்காதே. தள்ளிக்கிட்டே போகும்."

ரொட்டியும் முட்டையும் செய்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போது தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க ராக்கெட் எல்லாம் நல்லா இருக்காக்கா?" என்றான். உறவினர் வீட்டு ஆட்டுக்குட்டியை விசாரிப்பது போல ஒரு குரல். சின்ன வயதில் எதையாவது திருடித் தின்றுவிட்டு வந்தாலும் இதே குரல்தான்.

அவள் கையில் எடுத்த முட்டையை வைத்தாள். "யார்டா கேக்கச் சொன்னது?"

அவன் தலை இன்னும் குனிந்தது. காது சிவந்தது. "தொப்பி."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. "என்னைக் கேக்கச் சொன்னது வெண்ணெய்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் குடித்தால் புரையேறியது, புரையேறியதற்கும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது அடியில் கசப்பு தங்கியிருந்தது. இந்தச் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் இரண்டு கம்பெனிகள் மண்டியிட்டு ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது போல அவளுக்கு உடம்பு கூசியது.

"கேவலமா இருக்குக்கா" என்றான் அவன். "நான் சொல்லிடறேன். நாங்க ஏத்த மாட்டோம். சும்மா பாவ்லா. எரிபொருள் வண்டி இருக்குல்ல, அதோட குழாய் மூட்டுல ஒரு ரப்பர் சீல். சோதனை ஓட்டத்துல கசிஞ்சுது. நல்லவேளை அன்னிக்கு வெறும் தண்ணி. புது சீல் இன்னும் வந்து சேரலை. அது இல்லாம எவனும் கிட்ட போக மாட்டான். ஆனா நாங்க வாய் திறக்கக் கூடாதாம். நீங்க திறக்கற வரைக்கும் நோட்டீஸ் குடுத்துக்கிட்டே இருக்கணுமாம்."

"நாங்க திறக்கலைன்னா? கடைசி நிமிஷம் வரைக்கும் ரெண்டு பேரும் திறக்கலைன்னா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான். அதுதான் அவளைப் பேச வைத்தது. வீறாப்புக்கு ஏற்றிவிட்டால்? கையெழுத்துப் போட்ட காகிதம், கடன், வெண்ணெயின் சப்பிய விரல் எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்து போயின.

"எங்ககிட்ட இன்ஜினே இல்லடா" என்றாள். "பிடுங்கிட்டுப் போயாச்சு. உள்ள வெறும் கம்பிக் கூண்டு."

தம்பி வாயைப் பிளந்தான். "இன்னிக்கு நானும் அது முன்னாடி நின்னு படம் எடுத்துக்கிட்டேனேக்கா!"

"ராக்கெட் கிளம்பாதுன்னு தெரிஞ்சா உங்காளு ஏத்தற பேச்சையே விட்டுருவார்ல?"

"பின்ன? எதுக்கு வீணா ஏத்தணும்? நான் சாடையா காதுல போட்டுடறேன். உன் பேர் வராது."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். அன்று நெடுநாள் கழித்து வாயில் கசப்பு இல்லாமல் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் சின்ன வீட்டிலிருந்து புது நோட்டீஸ் வந்தது. எரிபொருள் ஏற்றும் வேலையை முன்னுக்கு இழுத்திருந்தார்கள். அடுத்த வாரம் என்றிருந்தது, நாளைக் காலை ஆகிவிட்டது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னடா இது?"

"அக்கா..." அவன் குரல் இறங்கியிருந்தது. "நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தாளு அப்படியே நாற்காலிலேர்ந்து குதிச்சுட்டான். 'இன்ஜினே இல்லையா? அப்ப உடனே ஏத்துங்கடா'ங்கறான். நாங்க ஏத்தி முடிச்சுட்டா எங்க பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாதாம். அதுக்கப்புறம் உங்காளுங்க வாய் திறந்துதான் ஆகணுமாம்."

"சீல்?"

"பழசுதான். நல்லா இறுக்கிக்கலாங்கறான்."

"நீ போகாதே. காய்ச்சல்னு படுத்துக்கோ."

"நான் போகலைன்னா அந்தப் புதுப் பையனை அனுப்புவான். அவனுக்கு வண்டியே பழக்கமில்லைக்கா. வாயைக் குடுத்தது நான். அவனை எப்படி அனுப்பறது?"

அவள் போனை வைத்தாள். உண்மையைச் சொன்னாள், தம்பியைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதை வாங்கிக்கொண்டவன், அதையே நெம்புகோலாக்கி அவனை அந்த அறைக்குள் தள்ளுகிறான். இந்தத் தொழிலில் உண்மை என்பது உண்மை இல்லை, எதிராளியின் மேல் எறியக் கிடைக்கும் இன்னொரு கல், அவ்வளவுதான். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது இயக்குநர் தாழ்வாரத்தில் நோட்டீஸை விசிறி போல ஆட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. "இவனுங்க நிஜமாவே ஏத்தறானுங்களா! நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்."

"இப்ப நாம சொல்லிடலாம் சார். இன்ஜின் இல்லைன்னு. பாவம், ஏத்திட்டு எடுக்கறது..."

"பைத்தியமா உங்களுக்கு?" அவர் குரல் மறுபடி வழுக்கத் தொடங்கியது. "ஏத்தட்டுமே. ஏத்தும்போது எப்பவும் ஏதாவது ஒண்ணு ஆகும். கசிவு கிசிவுன்னு வரும். வந்தா அவங்கதானே தள்ளி வெக்கணும்? நமக்குக் கடவுள் குடுத்த மாதிரி." சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டினார். சமாதானம் சொல்கிறாராம்.

அந்தத் தோளை அவள் வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தம்பி அன்று வரவில்லை. காலையில் சீக்கிரம் உடை மாட்ட வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டான். அவன் காலுறைகள் மட்டும் ஜன்னலில் இருந்தன. சோபாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்ஜின் இல்லை என்பதை ஊரைக் கூட்டிச் சொன்னாலும் தொப்பி நிறுத்த மாட்டார். அவருக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே. அவள் கையில் இருந்த உண்மை செலவாகிவிட்டது. மிச்சமிருப்பது தம்பியின் உண்மை. அந்தச் சீல். அதைச் சொன்னால் எல்லாம் நிற்கும். ஆனால் அது வெண்ணெய் அவளைத் தோண்டியெடுத்து வரச் சொன்ன அதே பொருள்; அதை யார் சொல்லியிருக்க முடியும் என்று கண்டுபிடிக்கச் சின்ன வீட்டுக்கு அரை நிமிஷம் ஆகாது. தம்பி காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவான்.

காலையில் ஆயத்தக் கூட்டம். விஷம் ஏற்றும் வேலை எதுவானாலும், இரண்டு தரப்பும் ஏவுதளத்தின் பாதுகாப்பு அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, பிரிவு பிரிவாகத் 'தயார்' சொன்ன பிறகுதான் தொடங்கும். பாதுகாப்பு அதிகாரி கட்டைக்குரல் கொண்ட ஓர் அம்மாள். எந்தக் கம்பெனிக்கும் சேராதவர், எவரிடமும் சிரிக்காதவர். சுவரில் இருந்த திரையில் எரிபொருள் அறையின் முன்னறை தெரிந்தது. வெள்ளை உடைகள், முகம் தெரியாத கண்ணாடிகள், மணிக்கட்டில் ஒருவருக்கொருவர் காற்றுப் புகாத பட்டை ஒட்டிக்கொண்டிருந்த கைகள். எது தம்பி என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேஜையின் அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி, இந்தப் பக்கம் வெண்ணெய். இருவரும் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் போல ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

"மின்சாரம்?" என்றார் பாதுகாப்பு அம்மாள்.

"தயார்."

"தீயணைப்பு?"

"தயார்."

"ராக்கெட்?"

"தயார் மேடம்" என்றார் வெண்ணெய், இமை ஆடாமல்.

"செயற்கைக்கோள், எரிபொருள் வண்டி?"

"முழுத் தயார்" என்றார் தொப்பி.

அந்த 'முழு' அவள் காதில் எச்சில் போல வந்து விழுந்தது.

"அட்டவணை?"

எல்லோரும் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்கள். அட்டவணைக்காரியிடமிருந்து தயார் என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை.

"தயார் இல்லை" என்றாள்.

வெண்ணெயின் புன்னகை அப்படியே உறைந்தது. பாதுகாப்பு அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "காரணம்?"

"எரிபொருள் வண்டியோட குழாய் மூட்டு சீல் சோதனையில கசிஞ்சிருக்கு. மாத்தலை. பழசோடதான் ஏத்தப் போறாங்க."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். பாதுகாப்பு அம்மாள் தொப்பியிடம் திரும்பி, "உண்மையா?" என்றார். தொப்பி, "அது வந்து... அது ஒரு சின்ன..." என்றார். அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒலிவாங்கியை இழுத்து, "சீல் கசியுதாம். ஏத்தறது நிறுத்தம். எல்லாரும் வெளியே வாங்க" என்றார். திரையில் வெள்ளை உருவங்கள் அசையாமல் நின்றன.

வெண்ணெய் உருகிவிட்டார். முகம் பளபளத்தது. மேஜைக்கு அடியில் அவள் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். "அசத்திட்டீங்கம்மா" என்று கிசுகிசுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா தாமதம் வாடிக்கையாளர் பக்கம்னு ஆயிடுச்சு. குறிப்புல ஏத்திடுங்க" என்றார்.

"அப்ப தார்ப்பாயைக் கழட்டிக் காட்டுய்யா!" தொப்பி எழுந்துவிட்டார். "உங்க இன்ஜின் எங்க?"

"எந்த இன்ஜின்? யார் சொன்னா உங்களுக்கு?"

தொப்பி அவள் பக்கம் விரலை நீட்டினார். "தேதி மேடம், நீங்களே சொல்லுங்க. இன்ஜின் இருக்கா இல்லையா?"

வெண்ணெயின் கை இன்னும் அவள் கையின் மேல் இருந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக. அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

"இல்லை" என்றாள்.

இப்போதாவது யாராவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தாள். அடுத்த கணம் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"கேட்டீங்களா? ராக்கெட் பக்கம் வாய் திறந்தாச்சு!"

"முதல்ல வெளிய வந்தது உங்க சீல்! அதுக்கப்புறம்தான் இன்ஜின்!"

"சீலைச் சொன்னதே உங்க ஆளுய்யா! நாங்க எங்க வாய் திறந்தோம்?"

"யார் சொன்னா என்ன, எது முதல்ல? குறிப்பைப் படிங்க! வரிசையாப் படிங்க!"

குறிப்பெடுப்பவர் பரிதாபமாகத் தாளைப் புரட்டினார். பாதுகாப்பு அம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சீல் முதலா, இன்ஜின் முதலா? கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்க, இரண்டு பெரிய மனிதர்கள் மேஜையைக் குத்திக்கொண்டார்கள். பின்னால் திரையில் ஒருவன் இன்னொருவனின் மணிக்கட்டுப் பட்டையை உரித்துக்கொண்டிருந்ததை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் வெளியேறியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நாளைக்கு அவளுக்கு இந்த நாற்காலி இருக்குமா என்பது சண்டை ஓய்ந்த பிறகு நினைவுக்கு வரும்.

எரிபொருள் கட்டடத்துக்குப் போகும் பாதையில் கம்பி வேலி குறுக்கிட்டது. அதற்கு மேல் போக அவளுக்கு அனுமதியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கவாட்டுக் கதவு திறந்து சின்ன வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உடைகளைக் கழற்றியிருந்தார்கள், உள்பனியன் வியர்வையில் ஒட்டியிருந்தது. வேன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாகத் தம்பி வந்தான். தலைமுடி நனைந்து நெற்றியில் அப்பியிருந்தது. முகக் கண்ணாடி அழுத்திய சிவந்த வட்டம் கன்னத்தைச் சுற்றி ஓடியது. நன்றாக மூச்சு விட்டான். தோள் ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

வேனுக்கு அருகில் வந்து கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தான். உள்ளே இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். யாரும் நகர்ந்து உட்காரவில்லை. ஓரத்தில் இருந்த புதுப் பையன் மட்டும் முழங்காலைக் கொஞ்சம் ஒடுக்கினான். பக்கத்தில் இருந்தவர் அவனை ஒரு பார்வை பார்க்க, முழங்கால் பழையபடி விரிந்தது. வேனின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. தம்பி திரும்பி வேலிப் பக்கம் பார்த்தான். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.